மாத்தளைக் கைகளும் எங்கள் கைகளும்

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதி எமது பெண்களுக்குப் புதியதல்ல. கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை என்று அதன் ஒவ்வொரு சந்தியும் ஏதோ ஒரு நினைவைச் சுமந்து நிற்கின்றது. ஆனால் வவுனியாவுக்குத் தெற்கே அதே வீதி எங்கு செல்கின்றது, அங்கு வாழும் பெண்கள் எவ்வாறு சீவிக்கின்றனர் என்பதை எம்மிற் பலர் அறிந்ததில்லை. தம்புள்ளையையும் நாலந்தாவையும் தாண்டியதும் வீதி மெல்ல மெல்ல மலையேறத் தொடங்குகின்றது. காற்று குளிர்கின்றது. மிளகுக் கொடிகள் மரங்களைச் சுற்றி ஏறி நிற்கின்றன. கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்று வாசனைத் தோட்டங்கள் இருபுறமும் வருகின்றன. இதுதான் மாத்தளை.

சுயதொழிற் பயிற்சியை முடித்த பதினொரு சகோதரிகளுடன் அண்மையில் இரண்டு நாட்கள் அங்கு தங்கியிருந்தேன். அனைவரும் வன்னியைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே தலைமை தாங்கி நடத்துபவர்கள். பனை ஓலை, தேங்காய்ச் சிரட்டை, துணி, மணி என்பவற்றால் காதணி, கழுத்தணி, வளையல், சிறு கைப்பை ஆகியவற்றைச் செய்யப் பழகியவர்கள். பயிற்சி முடிந்தது, சான்றிதழும் கிடைத்தது. செய்த பொருட்களோ பெட்டிகளில் கிடந்தன. “மிஸ், செய்யத் தெரியும். விற்கத்தான் தெரியவில்லை” என்று அவர்கள் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். கைவேலையால் தலைமுறை தலைமுறையாகச் சீவிக்கும் ஓர் இடத்தை நேரிற் கண்டு கேட்டறிய வேண்டும் என்பதே எமது நோக்கமாக இருந்தது.

கால்நடையாக வந்தவர்களின் ஊர்

மாத்தளை நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயில் இருக்கின்றது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் பெருங்கோயில் இது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையாலே நாட்கணக்கில் நடந்து மாத்தளையை வந்தடைந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். தப்பி வந்தவர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசலாக இருந்தது. புகையிரதம் இங்கு வந்து சேர்ந்தது 1880ஆம் ஆண்டில்தான்.

கோயில் வாசலில் இந்த வரலாற்றைச் சொன்னபோது எங்களுடன் வந்த ஒரு சகோதரி, “நாங்களும் நடந்தவர்கள்தானே” என்றார். அதற்குமேல் எவரும் எதுவும் பேசவில்லை. 1983ஆம் ஆண்டுக் கலவரம் இந்த நகரத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் கோபுரம் இன்று உயர்ந்து நிற்கின்றது, தேர்களும் ஓடுகின்றன.

நகரிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர் வடக்கே அலுவிகாரைக் குகைக் கோயில் அமைந்திருக்கின்றது. அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் இங்குதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது வரலாறு. இன்றும் பார்வையாளர்களுக்கு ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுகின்றனர். தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, உருட்டித் தேய்த்துப் பதப்படுத்தும் முறையை எமது பெண்கள் மிக உன்னிப்பாகக் கவனித்தனர். ஓலை என்பது அவர்களது கையறிந்த பொருள் அல்லவா?

நகத்தால் செய்யும் வேலை

அடுத்து நாங்கள் சென்றது ஹபுவிட என்னும் கிராமத்துக்கு. மாத்தளை மாவட்டத்தில் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சிங்களத்தில் இதனை ‘லாக்ஷா’ என்கின்றனர்.

அரக்கு என்றதும் எமது பெண்களுக்கு நினைவுக்கு வருவது அடகுக் கடைதான். உள்ளே வெறுமையாக உள்ள நகைக்குள் அரக்கு நிரப்பியிருப்பார்கள். அடகு வைக்கும்போது “அரக்கு நிறை” என்று சொல்லிக் கழித்துக்கொள்வார்கள். தங்கத்துக்கு விலை உண்டு, அரக்குக்கு விலை இல்லை என்பதே எமது அனுபவம். ஆனால் ஹபுவிடவிலோ அந்த அரக்கே ஊரின் செல்வமாக இருக்கின்றது.

அரக்கு என்பது சில மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதனைச் சேகரித்துச் சூடாக்கி, துணியால் வடித்துத் தூய்மை செய்கின்றனர். இளகிய நிலையில் இழுத்து இழுத்துப் பிசைந்து நிறம் சேர்க்கின்றனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நான்குமே மரபான நிறங்கள். பழைய காலத்திற் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்பட்டன. இவை இரண்டும் நச்சுத்தன்மை கொண்டவை. ஆகவே உடலில் அணியும் பொருளைச் செய்பவர்கள், தாம் வாங்கும் நிறத்தூளில் என்ன இருக்கின்றது என்று கேட்டறிய வேண்டியது மிக அவசியம்.

இலங்கையில் இந்த வேலை இரு முறைகளிற் செய்யப்படுகின்றது. கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் அரக்கை அழுத்திப் பூசுவது ஒன்று. தென்பகுதியில் இந்த முறையே வழக்கம். மற்றையது ‘நியபொத்து வெட’, அதாவது நகவேலை. ஹபுவிடவின் பெருமை இதுதான். அடுப்பின் தணலருகே அரக்கைப் பிடித்து இளகச் செய்து, நூல்போல மெல்லிதாக இழுக்கின்றனர். சூடாக இருக்கும் மரப்பொருளின் மேல் அந்த நூலை வைத்து, வளர்த்துவைத்த பெருவிரல் நகத்தால் அழுத்தி, வேண்டிய இடத்திற் துண்டிக்கின்றனர். கொடி, இதழ், புள்ளி, வளையம் எல்லாமே இவ்வாறு நகத்தினாலேயே உருவாகின்றன. இறுதியில் ஓலை நறுக்கினாற் தேய்த்துத் தேய்த்து மினுக்கம் ஏற்றுகின்றனர். தூரிகை இல்லை, இயந்திரம் இல்லை. தணல், அரக்கு, ஓலை, ஒரு நகம் இவைதான் கருவிகள்.

முற்காலத்தில் விசிறிக் கைப்பிடி, ஊன்றுகோல், ஓலைச்சுவடிகளின் மரச்சட்டம், சுண்ணாம்புச் சிமிழ், விகாரைச் சடங்குகளுக்கான கொடித்தண்டு ஆகியவற்றை அரக்கினால் அலங்கரித்தனர். கண்டிப் பிரதேசத்தின் இத்தகைய கைவினைகளை ஊரூராகச் சென்று பார்த்து எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. இவர் சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இற் கொழும்பிற் பிறந்தவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. சிங்களக் கைவினைஞரின் அறிவை உலகறியச் செய்தவர் ஒரு தமிழரின் மகன் என்பதைக் கேட்டு எமது பெண்கள் வியந்தனர்.

இந்த அரக்கு ஆபரணமாகவும் மாறும். இந்தியாவின் ஐதராபாத்திற் சார்மினார் அருகேயுள்ள லாட் பஜார் அரக்கு வளையல்களுக்குப் பெயர்பெற்ற தெரு. இளகிய அரக்கை வளையமாக்கி, சூடு ஆறுமுன் கண்ணாடிக் கற்களைப் பதிக்கின்றனர். ஐதராபாத் அரக்கு வளையலுக்கு 2024இற் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறொரு ஊரிற் செய்த வளையலை அந்தப் பெயரில் விற்க முடியாதவாறு சட்டம் பாதுகாக்கின்றது. விலையற்றது என்று அடகுக் கடையிற் கழிக்கப்படும் அதே அரக்குத்தான் இது.

ஹபுவிடவில் நாங்கள் சென்ற வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். என்னை ‘நங்கி’ என்றார். நான் அவரை ‘அக்கா’ என்றேன். அந்தச் சொல் இரு மொழிகளுக்கும் பொதுவானது. ஒரு சிறு பெட்டிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எமது சகோதரியொருவர் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் உடனே பதில் சொன்னார். மரம் கடைவதற்கு எவ்வளவு, அரக்குப் பதப்படுத்த எவ்வளவு, நகவேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னார். தமது நேரத்தை அவர் கணக்கில் வைத்திருந்தார். எமது பெண்களில் ஒருவருக்கேனும் அந்தக் கணக்கு அதுவரை இருந்ததில்லை.

சுவரில் மாலையிட்ட ஓர் இளைஞனின் படம் தொங்கியது. “என் தம்பி. 1989இற் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை” என்றார். 1987 முதல் 1989 வரையான அந்தக் காலத்தில் மாத்தளையிற் பல சிங்கள இளைஞர்கள் இவ்வாறு காணாமற் போயினர். நான் இதை மொழிபெயர்த்ததும் எமது பெண்களில் இருவர் எழுந்து சென்று அவரருகே அமர்ந்தனர். அவர்களிடமும் அத்தகைய படங்கள் உண்டு. அதன்பின் நகவேலையை அவர் இருமடங்கு பொறுமையோடு செய்து காட்டினார்.

அலுவிகாரையின் ஊசியும் மெழுகும்

அலுவிகாரைக் கிராமத்திற் பெண்களின் கைவேலைக்கென ஒரு நிலையம் உண்டு. அதனைக் கட்டியெழுப்பியவர் ஈனா டி சில்வா. 1922இற் பிறந்த இவர் அலுவிகாரையின் பழைய குடும்பமொன்றைச் சேர்ந்தவர். தந்தையார் சேர் றிச்சட் அலுவிகார பொலிஸ் மா அதிபராகப் பதவி வகித்தவர். 1960களிற் கொழும்பிலே ஓவியர் லக்கி சேனநாயக்க போன்றவர்களுடன் சேர்ந்து பத்திக் துணிகளைத் தயாரித்து, இலங்கைப் பத்திக்குக்குப் புதிய முகம் கொடுத்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையின் உட்புறத்தை அலங்கரித்தவை அவரது பத்திக் துணிகளே. 1980களின் தொடக்கத்தில் வெர்ஜின் தீவுகளுக்குச் சென்று கைவினை ஆலோசகராகப் பணியாற்றினார். நாடு திரும்பியதும் சொந்த ஊரான அலுவிகாரையிலேயே தங்கி, கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கொடுக்கும் பணியில் இறங்கினார். 2015இல் தமது 93ஆவது வயதில் மறையும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

இங்கு இரு வேலைகள் பிரதானமானவை. ஒன்று பத்திக். உருக்கிய மெழுகாற் துணியிற் கோலமிட்டு, சாயத்தில் அமிழ்த்தி, பின் கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். மெழுகு இருந்த இடத்திற் சாயம் பிடிக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் இதனைத் திரும்பவும் செய்ய வேண்டும். மற்றையது ஊசிவேலை. பழைய கண்டியச் சித்தையல்களில் உள்ள கொடி, தாமரை, அன்னம் போன்ற வடிவங்களைப் பலவித நூல்களாற் தைக்கின்றனர். சுவரிற் தொங்கும் துணி, மெத்தை உறை, பை எனப் பலவும் இவ்வாறு உருவாகின்றன.

இந்தப் பெண்களிடம் நான் கண்டறிந்த முக்கியமான விடயம் ஒன்று உண்டு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் இவர்களது பொருளை வாங்குவது, ‘பாவம், கிராமத்துப் பெண்கள்’ என்பதற்காக அல்ல. இந்த நிறச் சேர்க்கையும் இந்தக் கொடியும் வேறெங்கும் கிடைக்காது என்பதற்காகவே வாங்குகின்றனர். துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று அங்கு ஒரு சகோதரி சொன்னார். நூல் முடிச்சு ஒன்றும் வெளியே தெரியவில்லை. முன்புறம் எவ்வளவு துப்புரவோ பின்புறமும் அவ்வளவு துப்புரவு.

தொலைவில் ஒரு நாடு, அதே கேள்வி

அன்றிரவு தங்குமிடத்திற் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: “இவர்களுக்குப் பழைய ஊர், பழைய தொழில். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் இப்படிச் செய்து நிமிர்ந்திருக்கிறார்களா, மிஸ்?” அப்போது நான் ஆர்மேனியப் பெண்களின் கதையைச் சொன்னேன்.

ஆர்மேனியர் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். இரத்தினக் கல்லும் பட்டும் விற்க வந்த ஆர்மேனிய வணிகர் சென்னையில் வாழ்ந்தனர். அவர்களது தெரு இன்றும் ஆர்மேனியன் தெரு எனப்படுகின்றது. தமிழில் அது எப்படியோ ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆகிவிட்டது. உலகின் முதலாவது ஆர்மேனியப் பத்திரிகையும் 1794இற் சென்னையிலேதான் அச்சாகியது.

1915இல் ஒட்டோமன் பேரரசில் ஆர்மேனிய மக்கள் பெரும் படுகொலைக்கு உள்ளாகினர். ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் சிரியாவிலும் லெபனானிலும் அகதிகளாயினர். நகை, வீடு, நிலம் எல்லாம் போயின. கையில் மிஞ்சியது ஊசியும், தாய்மார் பழக்கிவிட்ட வேலையும்தான். ஊசியால் முடிச்சின்மேல் முடிச்சாக இட்டுப் பின்னும் லேஸ் வேலை ஆர்மேனியப் பெண்களின் தனிக் கலை. அலெப்போ நகரில் டென்மார்க் நாட்டவரான கரேன் யெப்பே என்னும் பெண்மணி, கடத்தப்பட்டிருந்த ஆர்மேனியப் பெண்களை மீட்டுத் தங்கவைத்து, அவர்களின் ஊசிவேலைக்கென ஒரு தொழிற்கூடத்தையும் நடத்தினார். லெபனானில் கசீர் என்ற ஊரின் அநாதை இல்லத்துச் சிறுமிகள் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளுடன் ஒரு பெருங் கம்பளத்தை நெய்தனர். 1925இல் அது அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

இன்று ஆர்மேனியாவின் தலைநகர் யெரெவானில் வெர்னிசாஜ் என்ற திறந்தவெளிச் சந்தை இருக்கின்றது. வெள்ளிக் காதணி, கல் பதித்த மாலை, லேஸ் பின்னிய கழுத்தணி எனக் கையாற் செய்த அணிகலன்கள் அங்கு குவிந்திருக்கின்றன. அவற்றிற் திரும்பத் திரும்ப வருவது மாதுளம் பழம். அது அந்த மக்களின் வளத்துக்கும் வாழ்வுக்கும் அடையாளம். அவர்களது எழுத்துகளும் பதக்கங்களாகத் தொங்குகின்றன. கி.பி. 405 அளவில் மெஸ்ரொப் மாஷ்தொத்ஸ் உருவாக்கிய எழுத்து அது. ஒரு மாதுளைக் காதணியை எங்கு கண்டாலும் “இது ஆர்மேனியா” என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவர். 2023 செப்ரெம்பரில் நாகோர்னோ கராபாக்கிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அவர்களின் துயரம் முடிந்துவிடவில்லை. ஆனால் தமது அடையாளத்தை எந்தப் பொருளிற் பதித்து உலகுக்குக் காட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

“அப்படியென்றால் எங்கள் மாதுளை எது?” என்று கேட்டார் எம்மில் இளையவர். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பயணம் பயனுள்ளதாயிற்று என்பேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது

மறுநாட் காலை எல்லோரும் தாம் கொண்டுவந்த பொருட்களைப் பாயில் பரப்பிவைத்தோம். காதணிகளிற் பெரும்பாலானவை பிளாஸ்திக் மணியும் சீனத்துச் சரிகையும் கோத்தவை. எந்தக் கடையிலும் இவற்றை இதைவிட மலிவாக வாங்கலாம். நடுவே ஒரு சோடி மட்டும் வேறாகத் தெரிந்தது. பனங்குருத்தோலையைச் சிவப்பும் இயற்கை நிறமுமாக மாறி மாறிப் பின்னி, நீத்துப்பெட்டி வடிவிற் சிறிதாகச் செய்திருந்தார்கள். அதனை எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தனர். எமது மாதுளை எமது வளவிலேயே நிற்கின்றது. பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே அமைக்கப்பட்டது. பனம்பொருட்களுக்கெனக் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களும் உண்டு.

அந்தச் சோடியைச் செய்தவரிடம் விலை கேட்டோம். “ஒரு கடைக்காரருக்கு இருநூறு ரூபாவுக்குக் கொடுத்தேன். விற்றபின் காசு தருவதாகச் சொன்னார். எட்டு மாதமாகிவிட்டது, இன்னும் தரவில்லை” என்றார். ஹபுவிட அக்காவின் முறைப்படி அங்கேயே கணக்குப் பார்த்தோம்.

ஓலையும் சாயமும் 40 ரூபா. கொளுக்கியும் கம்பியும் 50 ரூபா. அட்டை, உறை 20 ரூபா. பஸ் செலவின் பங்கு 40 ரூபா. மொத்தம் 150 ரூபா. வேலைக்கு எடுத்த நேரம் ஒன்றரை மணித்தியாலம். இருநூறு ரூபாவுக்கு விற்றால் அவரது உழைப்புக்கு மிஞ்சுவது 50 ரூபா மட்டுமே. மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று அவர் தமது உழைப்பை மதித்தால் கூலி 300 ரூபா. பழுதாகும் பொருட்களுக்காக இன்னும் 50 ரூபா சேர்த்தால் விலை 500 ரூபா. கடைக்காரர் தமக்கு 200 ரூபா வைத்தாலும் 700 ரூபாவுக்கு விற்கலாம். பிளாஸ்திக் காதணிக்கு அந்த விலை கிடைக்காது. நீத்துப்பெட்டிக் காதணிக்குக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவர், “நான் இதுவரை சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறேன்” என்றார். வீட்டு வேலைக்கு விலை இல்லை என்று பழக்கப்பட்ட நாம், கைவேலையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றோம். பெண்ணின் நேரத்துக்கு விலை உண்டு என்பதை முதலில் அந்தப் பெண்ணே நம்ப வேண்டியிருக்கின்றது.

இப்பயணத்தில் நாம் கற்றவற்றைச் சகோதரிகளின் பயன் கருதிச் சுருக்கமாகத் தருகின்றேன்.

முதலாவது, எமது மண்ணுக்குரிய ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். பனை, கோலம், பூவரசம் இலை, சங்கு, எழுத்து என எதுவாகவும் இருக்கலாம். ஒரு குழுவில் உள்ளவர்கள் இரண்டு மூன்று வடிவங்களையே எடுத்து, அவற்றை மிகச் சிறப்பாகச் செய்வது நல்லது.

இரண்டாவது, பின்புறத்தையும் பாருங்கள். ஓலை நுனி குத்தக்கூடாது. பசை தெரியக்கூடாது. சோடியில் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காதிற் படும் கொளுக்கி நிக்கல் கலந்ததாக இருந்தால் பலருக்குக் காது புண்ணாகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடே உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் அனுப்ப விரும்புவோர் நிக்கல் இல்லாத கொளுக்கியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, ‘விற்றபின் காசு’ என்று பொருளைக் கொடுப்பதானால் எழுத்திலேயே கொடுங்கள். இரட்டைப் பிரதிப் புத்தகத்திற் திகதி, எண்ணிக்கை, விலை, காசு தரும் நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். முதற் காசு வருமுன் இரண்டாம் தொகுதியைக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, தனியே அலையாதீர்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் குழுவாகச் சென்று சந்தியுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிற் கைவினைஞராகப் பதிவு செய்வது பற்றிக் கேளுங்கள். கண்காட்சிகளும் போட்டிகளும் பற்றிய செய்தி பதிவு செய்தவர்களுக்கே முதலில் வந்து சேரும்.

முதற் சோடி யாருக்கு?

இறுதியாக ஒன்றைச் சொல்லவேண்டும். நீத்துப்பெட்டிக் காதணியைச் செய்த அந்தச் சகோதரியின் காதுத் துளைகளில் இரண்டு ஈர்க்குத் துண்டுகள் இருந்தன. தோடு 2008இல் அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. 2009இற் கணவரும் போய்விட்டார். துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குப் போட்டிருக்கிறார். தாம் செய்ததையாவது அணியலாமே என்று கேட்டபோது, “ஊரில் என்ன சொல்வார்கள்?” என்றார். கணவனை இழந்தவள் பொட்டும் வளையலும் அணிந்தால் ஏச்சு. இந்த வழக்கத்தினால், பிறருக்காக அழகு செய்யும் கைகள் தமக்கென ஒன்றும் செய்துகொள்வதில்லை.

அவருக்கு நான் சொன்ன பதில் தொழில் பற்றியதுதான். செய்பவர் அணிந்து பார்க்காமல் ஒரு காதணியின் குணம் தெரியாது. பாரம் காதை இழுக்கின்றதா, கொளுக்கி கழன்று விழுகின்றதா, வியர்வையிற் சாயம் வடிகின்றதா, சீலையில் ஓலை சிக்குகின்றதா என்பதை ஒரு நாள் முழுவதும் போட்டிருந்தால்தான் அறியலாம். சந்தையிற் பொருளை விரித்துவைத்துக்கொண்டு, அதைப் போடாமல் இருப்பவரிடம் வாங்குபவரும் தயங்குவார்.

அதற்கு அப்பாலும் ஒரு நியாயம் உண்டு. போர் எமது தங்கத்தைக் கொண்டுபோயிற்று. அணியும் உரிமையை எடுத்துச் சென்றது போர் அல்ல, ஊர்தான். அதனை மீட்பதற்கு அடகுச் சீட்டுத் தேவையில்லை. ஆகவே சகோதரிகளே, புதிய வடிவம் ஒன்றைச் செய்யும்போது முதற் சோடியை உங்களுக்கென்றே செய்யுங்கள். அணிந்து பாருங்கள். குறை இருந்தாற் திருத்துங்கள். இரண்டாவது சோடியிலிருந்து விலை எழுதுங்கள்.